நிலக் கேஸ்ல ஃபாரன்சிக் எக்ஸ்பர்ட்: பத்திரத்தை லேபுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி என்ன பண்ணணும், அப்புறம் என்ன நடக்கும்

வக்கீல் ஆபீஸுக்கு முதல் நாள் வர்றவங்க முக்காவாசிப் பேர் சொல்றது இதுதான், "இந்தக் கையெழுத்து எங்கப்பாவோடது இல்லைங்க, ஃபாரன்சிக்குக்கு அனுப்புங்க, எல்லாம் வெளிய வந்துடும்." வரலாம். ஆனா லேப்ல உக்காந்திருக்கறவர் உங்க நிலம் யாருதுன்னு சொல்லப் போறது இல்ல. அவர் முன்னாடி ரெண்டு கட்டுப் பேப்பர் இருக்கும், ஒண்ணு சந்தேகக் கையெழுத்து, இன்னொண்ணு நிஜம்னு ஏத்துக்கிட்ட கையெழுத்துங்க, ரெண்டும் ஒரே ஆள் போட்டதா இல்லையான்னு பாத்து கருத்து எழுதுவார், அவ்வளவுதான். அந்த ரெண்டாவது கட்டைத் தேடிப் பிடிச்சுக் கொடுக்கற வேலை உங்க தலையில, அது சரியா அமையலேன்னா எவ்வளவு பெரிய மெஷின் இருந்தாலும் "திட்டவட்டமாகக் கருத்துக் கூற இயலவில்லை"ன்னு ஒரு வரி வரும், அந்த ஒரு வரிக்காக ஒரு வருஷத்துக்கு மேல வாய்தா போயிருக்கும்.

இங்க எழுதறது தமிழ்நாட்டு சிவில் கோர்ட் நடைமுறையை வெச்சு. உங்க வக்கீல் சொல்றதுக்கு இது பதில் கிடையாது, அவர் பேசறது புரியணும்னு ஒரு உதவி.

உங்க தகராறு எந்த ரகம்?

இதுலயே நிறைய பேர் வழி தப்பிடுறாங்க. பக்கத்து வயக்காரன் வரப்பைத் தள்ளிட்டான், சர்வே கல்லைப் பிடுங்கிட்டான்னா அது ஃபாரன்சிக் சமாச்சாரமே இல்ல. சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 26 ரூல் 9-ல அட்வகேட் கமிஷனர் (கோர்ட் தன் சார்பா அனுப்பற வக்கீல்) போடச் சொல்லி மனு போடணும், அவர் தாலுகா சர்வேயரைக் கூட்டிக்கிட்டு எஃப்.எம்.பி.ங்கற சர்வே புல வரைபடத்தை வெச்சு அளந்து ரிப்போர்ட் கொடுப்பார்.

வாரிசு இல்லைன்னு தகராறுன்னா உடனே டிஎன்ஏ டெஸ்ட்னு குதிப்பாங்க. அது அவ்வளவு சுலபமா கிடைக்காது, 2021-ல சுப்ரீம் கோர்ட் ஒரு சொத்து வழக்குலயே, வேற ஆதாரம் இருக்கறப்ப விருப்பமில்லாத ஆளை டிஎன்ஏ டெஸ்டுக்குக் கட்டாயப்படுத்த முடியாதுன்னு சொல்லியிருக்கு.

நிலம் யார் அனுபவத்துல, அதாவது யார் கைவசம் இருக்குன்னு காட்ட செல்போன் போட்டோ, வீடியோ தாக்கல் பண்றதா இருந்தா புது சாட்சியச் சட்டத்துல 63-ம் பிரிவு சர்டிஃபிகேட் வேணும், அதுல ஏ பார்ட் நீங்க, பி பார்ட் எக்ஸ்பர்ட் கையெழுத்துப் போடணும், போனைத் தூக்கிப் போட்டுட்டு பிரிண்ட் மட்டும் கொண்டு வராதீங்க.

மத்ததெல்லாம் ஆவணம். அதுலயும் எந்த மாதிரி மோசடின்னு பிரிச்சுப் பாக்கணும்: கையெழுத்தையே போலியாப் போட்டதா, வேற ஆளை நிறுத்தி பத்திரம் பதிஞ்ச ஆள்மாறாட்டமா, வெத்துப் பேப்பர்ல வாங்கின கையெழுத்துக்கு மேல பின்னாடி எழுதினதா, நடுப் பக்கத்தை மட்டும் மாத்தினதா, இல்ல நேத்து எழுதிட்டு இருபது வருஷத்துக்கு முந்தின தேதி போட்டதா. ஒவ்வொண்ணுக்கும் கேக்க வேண்டிய கேள்வி வேற. வெத்துப் பேப்பர் கேஸ்ல "கையெழுத்து உண்மையா"ன்னு கேட்டு அனுப்பினா "ஆமா உண்மை"ன்னு பதில் வரும், அதோட உங்க கேஸை நீங்களே புதைச்சாச்சு.

காசு செலவில்லாம முதல்ல பாக்க வேண்டியது

லேப்பெல்லாம் அப்புறம். பத்திரத்தோட நல்ல காப்பி ஒண்ணை வெச்சுக்கிட்டு சாயங்காலம் ஒரு மணி நேரம் உக்காருங்க. பத்திரம் போட்ட தேதியில இருந்திருக்கவே முடியாத விஷயம் ஏதாச்சும் உள்ள இருக்கான்னு தேடணும்.

1968-னு தேதி போட்ட ஒப்பந்தத்துல விலாசத்துல பின்கோடு இருக்கா? பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட்ல. 2005 பத்திரத்துல ரூபாய்க்கு இப்ப இருக்கற ₹ குறி இருக்கா? அது 2010-ல வந்தது. 1999-ல எழுதினதா சொல்ற உயில்ல "திருப்பூர் மாவட்டம்"னு இருந்தா அந்த மாவட்டமே 2009-ல தான் உருவாச்சு, தென்காசியும் கள்ளக்குறிச்சியும் 2019. பழைய டைப் அடிச்ச பத்திரம்னா எழுத்தைப் பாருங்க, லை, ணை, னை, றா, னா இதெல்லாம் இன்னிக்கு நாம எழுதற மாதிரி சீர்திருத்த எழுத்துல அரசு ஆணையா வந்தது 1978 அக்டோபர். அதுக்கு முன்னாடியே சில பத்திரிகைங்க அப்படி அச்சடிச்சாங்கதான், ஆனா கிராமத்துப் பத்திர எழுத்தர் 1970-ல அப்படி டைப் அடிச்சார்னா கேள்வி கேக்க அது ஒரு நல்ல காரணம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச செக் சர்வே நம்பர். 1975-ல எழுதின கிரய ஒப்பந்தம்னு சொல்லுவாங்க, உள்ள சொத்து விவரத்துல 45/2பி1-னு உட்பிரிவு போட்டிருக்கும், ஏ ரெஜிஸ்டரை (ஊர் நிலங்களோட சர்வே நம்பர் பதிவேடு) எடுத்துப் பாத்தா அந்த உட்பிரிவு 80-கள்ல யுடிஆர்ங்கற நிலப் பதிவேடு புதுப்பிப்பு வந்தப்ப தான் பொறந்திருக்கும். இதுக்கு மைக்ராஸ்கோப் எதுக்கு, தாலுகா ஆபீஸ் நகல் போதும். ஃபான்ட் விஷயமும் அப்படித்தான், 2017-ல பாகிஸ்தான்ல நவாஸ் ஷெரீஃப் குடும்பத்தோட லண்டன் ஃபிளாட் விவகாரத்துல 2006 பிப்ரவரி தேதி போட்ட டிரஸ்ட் பத்திரம் காலிப்ரி ஃபான்ட்ல இருந்ததும் அந்த ஃபான்ட் 2007-ல தான் பொதுமக்கள் கைக்கு வந்ததும் எவ்வளவு பெரிய ரகளை ஆச்சுன்னு ஞாபகம் இருக்கும்.

ஸ்டாம்ப் பேப்பர் பின்பக்கத்தையும் பாருங்க, பேப்பர் வித்த வெண்டர் எழுதின தேதி, வரிசை எண், யார் பேர்ல வாங்கினது எல்லாம் இருக்கும். பேப்பர் வாங்கின தேதி பத்திரத் தேதிக்கு அப்புறம்னா கேஸ் அங்கேயே ஆட்டம் கண்டுடும். ஆனா "ஆறு மாசத்துக்கு மேல ஆன ஸ்டாம்ப் பேப்பர், அதனால பத்திரம் செல்லாது"ன்னு மட்டும் வாதாடாதீங்க, அது ஊரெல்லாம் சுத்தற தப்பு. 2008-ல நம்ம தமிழ்நாட்டுல இருந்து போன ஒரு நிலக் கேஸ்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அந்த ஆறு மாசம் பேப்பரைத் திருப்பிக் கொடுத்து காசு வாங்கறதுக்கான கெடு, பயன்படுத்தறதுக்கு இல்லன்னு. அதே கேஸ்ல ஒரே ஒப்பந்தத்துக்கு வேற வேற வருஷத்துல வாங்கின ரெண்டு பேப்பரைச் சேத்து எழுதியிருந்தாங்க, அதனாலயே பத்திரம் செல்லாதுன்னு ஆயிடாது, ஆனா சந்தேகப்பட ஒரு சங்கதியா எடுத்துக்கலாம்னாங்க.

இன்னொண்ணு, பவர் (பொது அதிகாரப் பத்திரம்) வெச்சு வித்திருக்காங்கன்னா பவர் கொடுத்தவர் இறந்த தேதியைப் பாருங்க. அவர் போய்ச் சேந்தப்புறம் ஏஜென்ட் கிரயம் பண்ணிக் கொடுத்திருந்தா பெரும்பாலான கேஸ்ல இறப்புச் சான்றிதழே வேலையை முடிச்சிடும்.

ஒரிஜினல் எங்க இருக்கு?

ஜெராக்ஸை வெச்சு லேப்ல கருத்து எழுத மாட்டாங்க. பேனா எவ்வளவு அழுத்தமா ஓடுச்சு, எங்க நின்னுச்சு, எங்க தூக்கினாங்கன்னு ஜெராக்ஸ்ல தெரியாது, வெட்டி ஒட்டி ஜெராக்ஸ் எடுத்ததையும் கண்டுபிடிக்கறது கஷ்டம். ஒரிஜினல் எதிர்பார்ட்டி கையில இருந்தா அதைக் கோர்ட்ல தாக்கல் பண்ண வைக்கணும், வக்கீல்கிட்ட ஆரம்பத்துலயே சொல்லி அதுக்கு மனு போடச் சொல்லுங்க. "தொலைஞ்சு போச்சு"ன்னு திடீர்னு சொல்லுவாங்க, அப்படிச் சொல்றதே பின்னாடி உங்களுக்கு ஒரு பாயின்ட்.

சார்பதிவாளர் ஆபீஸ்ல பத்திரங்களைப் பதியற ஒண்ணாம் புத்தகத்துல ஒரிஜினல் கையெழுத்து இருக்கும்னு நினைச்சுக்காதீங்க, அங்க இருக்கறது நகல், பிற்காலத்துல ஸ்கேன். அங்க ஒரிஜினலா இருக்கறது வேற ஒண்ணு, கைரேகைப் பதிவேடு. அதுக்கு வர்றேன்.

ஒப்பிடக் கையெழுத்து சேர்க்கறது, மெயின் வேலை இதுதான்

தகராறுக்கு முன்னாடி போட்ட கையெழுத்து, பத்திரத் தேதிக்கு முடிஞ்ச வரை பக்கத்துல போட்டது, ஒரிஜினல்ல இருக்கணும், எதிர்பார்ட்டி மறுக்க முடியாததா இருக்கணும். இந்த நாலும் சேந்து அமையறது அபூர்வம், அதனால தேடல் பெருசா இருக்கணும். பேங்க்ல அக்கவுன்ட் ஆரம்பிச்ச ஃபாரம், கூட்டுறவுக் கடன் சங்கத்துல நகைக்கடன் வாங்கினப்ப போட்ட கையெழுத்து, எல்ஐசி ப்ரபோசல், பாஸ்போர்ட் விண்ணப்பம், அரசு வேலையில இருந்தவர்னா பணிப் பதிவேடு, அவரே எழுதிக் கொடுத்த வேற கிரயப் பத்திரங்க. பேங்க்காரங்க பழைய ரெக்கார்டை குறிப்பிட்ட வருஷத்துக்கு அப்புறம் அழிச்சிடுவாங்க, கேஸ் போட்டு மூணு வருஷம் கழிச்சுப் போய்க் கேட்டா உதட்டைப் பிதுக்குவாங்க, அதனால முதல்லயே எங்க எங்க என்ன இருக்குன்னு விசாரிச்சு வெச்சு, கோர்ட் சம்மன் மூலமா வரவழைக்கச் சொல்லுங்க.

வக்காலத்துலயும் எழுத்து வாக்குமூலத்துலயும் (பிரதிவாதி கோர்ட்டுக்குக் கொடுக்கற பதில்) இருக்கற கையெழுத்தை அனுப்பலாமேன்னு கேப்பாங்க. அது கேஸ் வந்தப்புறம் போட்டது, வேணும்னே மாத்திப் போட்டிருக்கலாம்னு எதிர்பார்ட்டி ஆட்சேபம் சொல்லும், கோர்ட்டும் அதைத் தயக்கத்தோடதான் பாக்கும். வேற வழியே இல்லேன்னா ஆள் உயிரோட இருந்தா கோர்ட்லயே உக்கார வெச்சு மாதிரி கையெழுத்து எழுதச் சொல்ல சட்டத்துல இடம் உண்டு, அப்ப ஒரே தாள்ல வரிசையா எழுத விடாம தாள் தாளா, உக்காந்து, நின்னு, வேகமா, மெதுவான்னு நிறைய எழுத வைக்கணும், சந்தேகப் பத்திரத்தைக் கண்ணுல காட்டக் கூடாது. மாத்தி எழுதணும்னு நினைக்கறவங்களுக்கு அஞ்சாறு தடவைக்கு மேல அந்த நடிப்பு தாங்காது.

நாலஞ்சு வேற வேற சமயத்துக் கையெழுத்து கட்டாயம் வேணும். ஒரு ஆள் ரெண்டு தடவை ஒரே மாதிரி போட மாட்டார், அவருக்குள்ளயே இருக்கற வித்தியாசம் எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் சந்தேகக் கையெழுத்து அந்த எல்லைக்குள்ள வருதான்னு சொல்ல முடியும். ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா அச்சு அசலா பொருந்துதுன்னா அதுதான் ஆபத்து, அடியில வெச்சு வரைஞ்சிருக்கான்னு அர்த்தம்.

கைநாட்டா இருந்தா

உங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். கையெழுத்து வயசோட மாறும், ரேகை மாறாது. 1984-ல வெச்ச ரேகையை இன்னிக்கு எடுத்த ரேகையோட ஒப்பிடலாம், "அந்தக் காலகட்டத்துது வேணும்"ங்கற தலைவலி கிடையாது. பதிவு பண்ணின பத்திரம்னா எழுதிக் கொடுத்தவரோட இடது கட்டைவிரல் ரேகை சார்பதிவாளர் ஆபீஸ் கைரேகைப் பதிவேட்டுல இருக்கும், பார்ட்டிங்க கையில இல்லாத ஆவணம், யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் மாத்த முடியாது. ஆள்மாறாட்டக் கேஸ்ல இதை விடப் பெரிய ஆயுதம் இல்ல. அப்பா இறந்துட்டாலும் பரவாயில்ல, அவர் சந்தேகமில்லாம எழுதிக் கொடுத்த வேற ஒரு பத்திரத்தோட ரேகையும் ஏதோ ஒரு பதிவேட்டுல கிடக்கும், வில்லங்கச் சான்று போட்டு எந்த வருஷம் எந்த ஆபீஸ்னு கண்டுபிடிச்சுக்கலாம்.

சிக்கல் என்னன்னா தெளிவு. ஆபீஸ்ல அவசரத்துல மையை அப்பி விரலை உருட்டாம ஒரு அமுக்கு அமுக்கியிருப்பாங்க, பதிவேட்டுல கரும்புள்ளி மாதிரி இருக்கும், கோடே தெரியாது. வயக்காட்டுல உழைச்ச விரல்ல ரேகை தேஞ்சும் போயிருக்கும். மேல சொன்ன 2008 கேஸ்ல நடந்தது இதுதான், கீழ் அப்பீல் கோர்ட் தானே கண்ணால பாத்து ரேகை ஒத்துப்போகுதுன்னு தீர்ப்பு கொடுத்துச்சு, சுப்ரீம் கோர்ட் அது சரியில்லன்னு சொல்லிடுச்சு. கோர்ட்டுக்குத் தானே ஒப்பிட அதிகாரம் உண்டு, ஆனா மங்கலா மசங்கலா இருக்கற ரேகையை எக்ஸ்பர்ட் உதவி இல்லாம பாத்து ஊகம் பண்றது ஆபத்துன்னு. கூடவே, ஒப்பந்தம் இருக்குன்னு சொல்லி கேஸ் போட்டவர்தான் அதை நிரூபிக்கணும்னும் சொன்னாங்க. அதனால "என்னுது இல்ல"ன்னு மறுக்கறவர் அவசரப்பட்டுத் தானே எக்ஸ்பர்ட் மனு போடணுமா, இல்ல எதிராளி போடட்டும்னு விடணுமான்னு வக்கீல்கிட்ட நிதானமாப் பேசுங்க. பதிவு பண்ணின பத்திரத்துல கணக்கு வேற, அதுக்கு ஆதரவா ஒரு அனுமானம் இருக்கு, சும்மா மறுத்துட்டு உக்காந்திருக்க முடியாது.

மனு

பத்திரத்தை எக்ஸ்பர்ட்டுக்கு அனுப்பக் கேக்கற மனு சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 26 ரூல் 10ஏ-ல, கூடவே சாட்சியச் சட்டத்துலயும். 2024 ஜூலை 1-க்கு முன்னாடியே நடந்துக்கிட்டிருந்த கேஸ்ல பழைய சட்டம் 45-ம் பிரிவு, புது கேஸ்ல புது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 39-ம் பிரிவு, விஷயம் ஒண்ணுதான். எழுத்து வாக்குமூலம் வந்து, ஆவணம் கோர்ட் கைக்கு வந்ததும் சீக்கிரமா போடுங்க. சாட்சி எல்லாம் முடிஞ்சு வாதத்துக்கு வந்தப்புறம் போட்டா "இழுத்தடிக்கப் பாக்கறாங்க"ன்னு தள்ளுபடி ஆக நிறைய வாய்ப்பு.

மனுவுல கேள்வியை வரி வரியா எழுதச் சொல்லுங்க. "பத்திரத்தை ஆராய்ந்து ரிப்போர்ட் தர வேண்டும்"னு மொட்டையா எழுதினா மொட்டையாத்தான் பதில் வரும். மூணாம் பக்கம் மத்த பக்கங்களோட ஒரே பேப்பரா, ஒரே பிரிண்டரா, ஸ்டேப்ளர் ஓட்டை எல்லாப் பக்கத்துலயும் ஒத்துப்போகுதா, கையெழுத்துக்கு முன்னாடி எழுத்து வந்ததா பின்னாடி வந்ததா, இப்படி.

மனு அனுமதி ஆனா வழக்கமா ஒரு அட்வகேட் கமிஷனர் போடுவாங்க, அவர் ஆவணங்களைக் கோர்ட்ல இருந்து சீல் வெச்ச கவர்ல வாங்கிட்டுப் போய் சென்னை மயிலாப்பூர்ல இருக்கற தடய அறிவியல் துறையில ஒப்படைப்பார். 1849-ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச ரசாயனப் பரிசோதகர் லேபோட வாரிசு அது. ரேகைன்னா போலீஸோட கைரேகைப் பிரிவு. நீங்களா பத்திரத்தைத் தூக்கிட்டு நேரா போனா வாங்க மாட்டாங்க, கோர்ட் உத்தரவு வேணும். கமிஷனர் ஃபீஸ், லேப் செலவு மனு போட்டவர் தலையில.

கவர் சீல் ஆகறதுக்கு முன்னாடி ஆவணத்துல பேனாவால வட்டம் போடறது, ஹைலைட்டர் அடிக்கறது, செல்லோ டேப் ஒட்டறது எதுவும் கூடாது. கையெழுத்து மேல மடிப்பு விழற மாதிரி மடிக்காதீங்க, பஞ்சிங் மெஷின்ல ஓட்டை போடாதீங்க. இதைக் கோர்ட்ல தாக்கல் பண்ற நாள்ல இருந்தே பாத்துக்கணும், கட்டுல கட்டிக் கட்டியே பாதிப் பத்திரம் பாழாயிடுது.

லேப்ல என்ன பாக்கறாங்க

சந்தேகக் கையெழுத்துக்கு க்யூ 1, க்யூ 2-னும் ஒப்பீட்டுக் கையெழுத்துக்கு எஸ் 1, எஸ் 2-னும் நம்பர் கொடுப்பாங்க. எழுத்தோட வடிவம் கடைசியில தான், போலி போடறவன் வடிவத்தை நல்லாவே காப்பி அடிச்சிருப்பான். ஓட்டம்தான் முதல்ல. "ழ" எழுதறப்ப கீழ சுழிச்சு விடற இடத்துல பேனா நின்னு நின்னு போயிருக்கா, ரெண்டு எழுத்துக்கு நடுவுல தேவையில்லாம தூக்கி வெச்சிருக்கா, விட்டுப்போன கோட்டை மேல திருப்பி இழுத்து ஒப்பேத்தியிருக்கா, அடியில பென்சில் தடம் இருக்கா.

இதுல நம்ம ஊர்ல அடிக்கடி வர்ற ஒண்ணு, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போடற பாட்டிங்க. அவங்க நிஜக் கையெழுத்தே நடுங்கும், கோணும், ஒரு எழுத்து மேல ஒரு எழுத்து ஏறும். குடும்பத்துல எல்லாரும் "பாருங்க நடுங்குது, போலி"ம்பாங்க, ஆனா முதுமை நடுக்கத்துல கோடு ஏறி இறங்கினாலும் அழுத்தம் இடத்துக்கு இடம் மாறும், அவங்க பழக்கத்துல எந்த எழுத்துல தடுமாறுவாங்களோ அங்கதான் தடுமாறும். பாத்து வரையறவன் நடுக்கம் மெதுவா, ஒரே அழுத்தமா, எல்லா இடத்துலயும் சமமா இருக்கும். சில சமயம் பாட்டி கையெழுத்து அழகா வழுக்கிட்டு ஓடியிருக்கறதே போலிக்கு அடையாளம்.

வெவ்வேற மை அகச்சிவப்பு வெளிச்சத்துல வெவ்வேற மாதிரி தெரியும், கண்ணுக்கு ஒரே நீலமா இருக்கற 1 பின்னாடி 4 ஆனது அங்க மாட்டும். அழிச்சு எழுதினது, மேல் தாள்ல எழுதின அழுத்தம் கீழ் தாள்ல விழுந்தது, மடிச்சதுக்கு அப்புறம் மடிப்பு மேல ஓடின மை கசிஞ்சது எல்லாத்துக்கும் முறை இருக்கு. வெத்துப் பேப்பர் கேஸ்ல கையெழுத்துக்குக் கிட்ட வர வர வரிங்க நெருக்கி அடிச்சிருக்கான்னு நீங்களே ஸ்கேல் வெச்சுப் பாக்கலாம்.

மையோட வயசு? "இந்தப் பத்திரம் 1990-ல எழுதினதா, போன வருஷம் எழுதினதா, மையை டெஸ்ட் பண்ணுங்க"ன்னு கேக்கறவங்க ரொம்ப ஜாஸ்தி. 2010-ல மெட்ராஸ் ஹைகோர்ட்ல ஒரு செக் வழக்குல, எழுத்தோட வயசைக் கண்டுபிடிக்க அறிவியல் முறை இங்க இல்லன்னு தடய அறிவியல் துறை ஆவணப் பிரிவு அதிகாரியே சொன்னதை ஹைகோர்ட் பதிவு பண்ணியிருக்கு, அதுக்கப்புறம் அந்த மாதிரி மனு பலதும் தள்ளுபடி ஆகுது. அதனாலதான் மேல சொன்ன பின்கோடு, சர்வே நம்பர் செக்கை விடாதீங்கங்கறேன்.

ரிப்போர்ட் வந்ததும்

கருத்து மட்டும் இருக்கா, காரணமும் இருக்கான்னு முதல்ல பாருங்க. காரணம் எழுதாத ரிப்போர்ட்டுக்கு மதிப்பு கம்மி. உங்களுக்கு சாதகமா வந்தாலும் கேஸ் ஜெயிச்சாச்சுன்னு இனிப்பு கொடுக்காதீங்க, அது கருத்து, தீர்ப்பு இல்ல. எக்ஸ்பர்ட் கருத்தை வேற சாட்சி உறுதிப்படுத்தியே ஆகணும்னு கட்டாயம் இல்ல, ஆனா ஜாக்கிரதையா எடைபோடணும்னு 1980-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அதனால பத்திர சாட்சி, எழுத்தர், பணம் கைமாறின கணக்கு, அனுபவம் யார்கிட்ட இருந்துச்சுங்கறது எல்லாம் கூடவே போகணும்.

பாதகமா வந்தா எக்ஸ்பர்ட்டைச் சாட்சியாக் கூப்பிட்டு குறுக்கு விசாரணை பண்ணலாம். எத்தனை ஒப்பீட்டுக் கையெழுத்து பாத்தீங்க, அதுல எத்தனை பத்திரத் தேதிக்குப் பக்கத்துல போட்டது, வித்தியாசம்னு நீங்க காட்டறது எஸ் 1-க்கும் எஸ் 4-க்கும் நடுவுலயே இருக்கே, இந்த மாதிரி. ரிட்டயர்ட் ஆன தனியார் எக்ஸ்பர்ட் ஒருத்தரை இந்தக் கேள்வி தயார் பண்ண வெச்சுக்கறது நல்லது, அவரோட தனி ரிப்போர்ட்டையே ஆதாரமா நம்பறது அவ்வளவு சரிப்படாது, காசு கொடுத்தவருக்குச் சாதகமா எழுதினார்னு ஒரே வரியில அடிச்சிடுவாங்க.

போலீஸ் பக்கம் தனியா புகார் கொடுத்திருந்தா, நில அபகரிப்புத் தடுப்பு சிறப்புப் பிரிவு 2011-ல இருந்து இருக்கு, ஒரே ஒரிஜினல் ரெண்டு கோர்ட்டுக்கும் வேணும்ங்கற குழப்பம் வரும். அது எந்தக் கோர்ட்ல எந்த நம்பர்ல சான்றாவணமா மார்க் ஆகியிருக்குன்னு குறிச்சு வெச்சுக்குங்க, சிவில் கோர்ட் அதை அங்கிருந்து வரவழைக்க ஆர்டர் 13 ரூல் 10-ல மனு போடலாம். ரிப்போர்ட் நகலும் அதோட வர்ற பெருசாக்கின போட்டோக்களும் ரெண்டையும் சேத்தே மனு போட்டு வாங்குங்க, போட்டோ இல்லாம எக்ஸ்பர்ட்டைக் குறுக்கு விசாரணை பண்ண வக்கீலால முடியாது.